வெள்ளிக்கிழமை தேதி போட்ட கடிதம்

டோக்கன் எத்தனை தம்பி? நாப்பத்தொண்ணா? எனக்கு முப்பத்தெட்டு. இப்பத்தான் பத்தொம்பது கூப்பிட்டாங்க. பென்ஷன் நாள்ல இப்படித்தான். உக்காருங்க.

போட வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா? போடவா. நெல்லு வித்த காசா? சரி, நான் கேக்கக்கூடாது. பையை அப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்தா நாலு பேரு திரும்பிப் பாப்பான், அதுக்குத்தான் சொன்னேன். மடியில வச்சுக்கங்க.

இந்த பாங்கு நல்ல பாங்கான்னு கேட்டா நான் என்ன சொல்றது? இப்ப சர்க்காரே எடுத்துக்கிச்சு. போன ஆடி மாசம் ரேடியோவுல சொன்னாங்க. அதனால பயமில்லைன்னு பேசிக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நான் சொல்லி ஒருத்தர் போட்டாரு, நான் சொல்லி ஒருத்தர் எடுத்தாருன்னு எனக்கு வேண்டாம்.

ஒரு பாங்கு மூடினதைக் கிட்ட இருந்து பாத்தவன் நான். அதனாலதான் இப்படிப் பேசறேன். வேளங்குடி தெரியுமா உங்களுக்கு? அங்கே ஸ்ரீ அமிர்தவல்லி பாங்கு லிமிடெட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. முப்பத்தேழாம் வருஷம் தை மாசம் மூடிட்டாங்க. நேரம் இருக்கு, சொல்றேன். எனக்கும் அதுக்கும் சம்பந்தம் ஒண்ணும் கிடையாது. நான் டைப்பிஸ்ட், அவ்வளவுதான்.

ஜில்லா போர்டுல டைப்பிஸ்ட். பிரசிடெண்டுக்குத் தனி டைப்பிஸ்ட். பிரசிடெண்டு யாருன்னா ராவ்பகதூர் சோமசேகர ரெட்டியார். அவரு பேர்ல அங்கே இப்பவும் ஒரு தெரு இருக்கு. நல்ல உசரம், மெல்லத்தான் பேசுவாரு, யாரையும் வாடான்னு கூப்பிட மாட்டாரு. என்னைக்கூட "பக்கிரிசாமி, வாப்பா"ன்னுதான் கூப்பிடுவாரு. அவரைப் பத்தி ஊர்ல ஆயிரம் சொன்னாங்க. என்கிட்ட மரியாதையாத்தான் இருந்தாரு. நான் அதைச் சொல்லியாகணும்.

அவருக்கும் பாங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்க. காயிதத்துல பாத்தா ஒண்ணுமே கிடையாது. அவரு டைரக்டர் இல்லை. அவரு பேர்ல ஒரு ஷேரு கிடையாது. பாங்கை ஆரம்பிச்சவரு அருணகிரி செட்டியாரு. ஆனா ஊர்ல அதுக்குப் பேரு ரெட்டியார் பாங்கு. கிராமத்துல இருந்து வண்டி கட்டிக்கிட்டு வர்றவன், "ரெட்டியார் பாங்கு எந்தப் பக்கம்?"னுதான் வழி கேப்பான்.

எப்படி அந்தப் பேரு வந்துச்சுன்னா, போர்டு பணம். ரோடு போடற பணம், பாலம் கட்டற பணம், சந்தைக் குத்தகை, வாத்தியார்மாருக்குச் சம்பளம், எல்லாம் போர்டு பணம்தானே. ரெட்டியாரு பிரசிடெண்டு ஆனதும் மெட்ராசுக்குப் போயி, யாரைப் பாத்தாரோ, உத்தரவு வாங்கிக்கிட்டு வந்து, அதை அப்படியே தூக்கி செட்டியாரு பாங்குல போட்டாரு. அதுவரைக்கும் செட்டியாரு பாங்கு ஒரு மளிகைக்கடை மாடியில இருந்துச்சு. ரெண்டே வருஷத்துல சொந்தக் கட்டடம். வாசல்ல சிமிட்டியில ரெண்டு சிங்கம்.

அப்புறம் காண்டிராக்டர் எல்லாம் அங்கே கணக்கு வச்சாங்க. வாத்தியாரெல்லாம் வச்சாங்க. ரெட்டியாரே போட்டிருக்காரு, நமக்கென்ன பயம்னு மிராசுதாரு போட்டான், பலகாரக்கடைக்காரன் போட்டான், பால்காரம்மா போட்டுச்சு. நானும் போட்டேன். அறுநூத்தி நாப்பது ரூபா. எனக்குச் சம்பளம் முப்பத்தஞ்சு.

பதிலுக்கு செட்டியாரு என்ன செய்யணும்? பெரிசா ஒண்ணுமில்லை. சீட்டு வரும். நான்தான் டைப் அடிப்பேன். "இதைக் கொண்டு வருபவர் நம்முடைய மனிதர். ஆவன செய்யவும்." அவ்வளவுதான் இருக்கும். தொகை இருக்காது. தொகையை வர்றவரு வாயால சொல்லிக்குவாரு. கீழே ரெட்டியாரு பச்சை மையில ஒரு கோடு இழுப்பாரு. மாசத்துக்கு ஏழெட்டு அடிச்சிருப்பேன். ஒன்பது வருஷம். நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அந்தப் பணமெல்லாம் திரும்பி வந்துச்சா வரலையான்னு என்னைக் கேட்டா? நான் டைப் அடிச்சேன்.

அந்த பாங்குல எங்க அத்தான் ஹெட் கேஷியர். எங்க தையு அக்கா வீட்டுக்காரரு. தையல்நாயகி முழுப்பேரு. அத்தான் பேரு சுந்தரேசம். அவங்க பொண்ணு மங்களம். எனக்கு அப்பா இல்லை. என்னை டைப்ரைட்டிங் ஹையர் வரைக்கும் படிக்க வச்சது அவருதான். அந்த வேலைகூட, அத்தான் செட்டியாருகிட்ட சொல்லி, செட்டியாரு ரெட்டியாருகிட்ட சொல்லி வந்ததுதான். அத்தான் ஒரு மாதிரி மனுஷன். பாங்கு விஷயம் ஒரு வார்த்தை வீட்டுல பேசமாட்டாரு. யாரு போட்டா, யாரு எடுத்தா, யாரு கடன் கேட்டா, ஒண்ணும் வெளிய வராது. அக்கா கேக்கும், "எதுத்த வீட்டுக்காரி இன்னைக்கு பாங்குக்கு வந்தாளாமே?" அத்தான் மோரை ஊத்திக்கிட்டு, "உப்பு இருக்கா?"ம்பாரு.

முப்பத்தொண்ணுல ஒரு தடவை வேற ஊர்ல ஏதோ பாங்கு மூடிட்டான்னு சேதி வந்து, எங்க ஊர்லயும் கூட்டம் கூடிருச்சு. வாசல்ல சிங்கத்து மேலயெல்லாம் ஏறி நிக்கறாங்க. செட்டியாரு முகம் வெளுத்துப் போச்சு. அன்னைக்கு ரெட்டியாரு என்ன செஞ்சாரு தெரியுமா? காரைப் போட்டுக்கிட்டு வந்தாரு. ஒரு நாற்காலியை எடுத்து ஹாலுக்கு நடுவுல போடச் சொன்னாரு. உக்காந்து, "காப்பி கொண்டாங்கப்பா"ன்னாரு. அவ்வளவுதான். காப்பியைக் குடிச்சாரு, பேப்பர் படிச்சாரு, கூட்டத்துல தெரிஞ்ச மூஞ்சியைப் பாத்து, "என்ன சின்னசாமி, அறுவடை ஆச்சா?"ன்னு கேட்டாரு. ஒரு மணி நேரம். சின்னசாமி வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய போனான். அவன் பின்னாடி பத்துப் பேரு போனான். மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த ஹால்ல ரெட்டியாரும் நானும் அத்தானும்தான் இருந்தோம்.

அதுல இருந்து செட்டியாரு அவரு சொன்னதுக்கு மறுத்துப் பேசினதில்லை. முப்பத்தேழு வரைக்கும்.

முப்பத்தேழுல எலெக்‌ஷன். சட்டசபைக்கு ரெட்டியாரு நிக்கறாரு. இதுக்கு முந்தி எல்லாம் அவரு நின்னா எதிர்த்து நிக்க ஆள் தேடணும். இந்தத் தடவை அப்படி இல்லை. எதிர்ப்பக்கம் காங்கிரசு, அவங்க ஓட்டுப்பெட்டிக்கு மஞ்சக் கலரு. தெருத்தெருவா பஜனை பண்ணிக்கிட்டுப் போறாங்க, மஞ்சப்பெட்டி மஞ்சப்பெட்டின்னு. ரெட்டியாருக்குப் பணம் தண்ணியாச் செலவாகுது. பதினாறு காரு வாடகைக்கு. தாலுகாவுக்குத் தாலுகா சாப்பாட்டுக் கொட்டகை.

பொங்கல் கழிஞ்ச அடுத்த வியாழக்கிழமை செட்டியாரை வரச்சொன்னாரு. நான் ரூமுக்குள்ளதான் மிஷின் முன்னாடி உக்காந்திருந்தேன். என்னை வெளிய போகச் சொல்லலை. சொல்லியிருந்தா போயிருப்பேன்.

"செட்டியாரே, இன்னும் ஒரு இருபத்தஞ்சு வேணும்"னாரு ரெட்டியாரு. இருபத்தஞ்சாயிரம்.

செட்டியாரு துண்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. "இந்தத் தடவை மன்னிக்கணுங்க. சர்க்கார்ல புதுச் சட்டம் வந்திருக்கு. மாசாமாசம் கணக்கு எழுதி அனுப்பணும். ஏற்கனவே நம்ம மனுஷங்க வாங்கினது ரொம்ப நிக்குதுங்க. அதை என்னன்னு எழுதறதுன்னே எனக்குத் தெரியலை."

"என் பேரை எழுதுங்களேன்."

"அய்யய்யோ, அப்படிச் சொல்லலீங்க."

"உங்க மூத்த பையன் மஞ்சப்பெட்டிக் கூட்டத்துல கதர் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தானாமே?"

செட்டியாரு துண்டை எடுத்துக்கிட்டு எழுந்தாரு. "அவன் என் பேச்சைக் கேக்கறதில்லீங்க"ன்னாரு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு ரெட்டியாரு கூப்பிட்டாரு. "பக்கிரிசாமி, ஒரு லெட்டர்." இங்கிலீஷ்ல சொன்னாரு. மூணே வரி. போர்டு பேர்ல இருக்கற டிபாசிட் முழுசையும், ஸ்பெஷல் நோட்டீசு இல்லாம, உடனே போர்டு வசம் ஒப்படைக்கணும்னு. நான் அடிச்சேன். ஒரு பிழை இல்லை. "தேதி இன்னைக்கே போடு"ன்னாரு. போட்டேன். கையெழுத்துப் போட்டாரு. நானே சீல் குத்தினேன்.

"இதை உன் சட்டைப்பையில வச்சுக்கோ. திங்கட்கிழமை பத்து மணி வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள செட்டியாரு வந்துட்டா கிழிச்சிரு. வரலைன்னா கொண்டுபோய்க் குடு."

அவரு பாங்கை மூடணும்னு நினைக்கலை தம்பி. அதை நீங்க புரிஞ்சுக்கணும். சும்மா மிரட்டறதுக்கு. அது எனக்கும் தெரியும். ஆனா பையில இருக்கறது என்ன காயிதம்னும் எனக்குத் தெரியும். போர்டு பணம் வெளிய போச்சுன்னா அந்த பாங்கு ரெண்டு நாள் நிக்காது. அது தெரியாதவனா நான்? ஒன்பது வருஷம் சீட்டு அடிச்சவன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எங்க வீட்டுல, செண்பகம்னு பேரு, அப்ப ஆறு மாசம். அவகிட்ட சொன்னேன். "நாளைக்குக் காலையில பாங்குக்குப் போயி நம்ம பணத்தை எடுத்துக்கிட்டு வந்துடு. மனை வாங்கறோம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே"ன்னேன்.

இதுல தப்பு இல்லையே? என் பணம். என் பொண்டாட்டி.

அக்காகிட்ட ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. நீங்க கேக்கலைன்னாலும் முகத்துல தெரியுது. அது ஆபீஸ் ரகசியம் தம்பி. அக்காகிட்ட சொன்னா அக்கா அத்தான்கிட்ட சொல்லும். அத்தான் யாரு? பாங்கு ஆளு. செட்டியாருகிட்ட சம்பளம் வாங்கறவரு. பிரசிடெண்டு என்னை நம்பிக் குடுத்த காயிதத்தைப் பத்தி நான் பாங்கு ஆளுகிட்டயே சொன்னா என்ன ஆவுறது? பொண்டாட்டிகிட்ட சொன்னது வேற. பொண்டாட்டிகிட்ட யாரும் சொல்லத்தான் செய்வான்.

சனிக்கிழமை பாங்கு அரை நாள். செண்பகம் போயி வாங்கிக்கிட்டு வந்துட்டா. அத்தான் கவுண்டர்லதான். "எல்லாமேவாம்மா?"ன்னு கேட்டாராம். "ஆமாண்ணே, மனை கிரயம்"னாளாம். "நல்ல காரியம். எந்தத் தெருவுல?"ன்னு கேட்டாராம். அது நாங்க பேசி வைக்கலை. அவ ஏதோ ஒரு தெருவைச் சொல்லிட்டா. புது நோட்டாப் பாத்துக் குடுத்தாராம். வெயில்ல நடக்காதே, வண்டி வச்சுக்கிட்டுப் போன்னு நாலணாவும் குடுத்திருக்காரு, தனியா, தன் பையில இருந்து.

துணைக்கு எதுத்த வீட்டு ஓவர்சியர் சம்சாரம் கூடப் போயிருந்துச்சு. ஆறு மாசக்காரியைத் தனியா எப்படி அனுப்பறது? அந்தம்மாவும் தன் கணக்கை முடிச்சு எடுத்துக்கிட்டு வந்துச்சாம். அது ஏன் எடுத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு தங்கச்சி. ஊர் பெரிய ஊரு. யாரு எதைச் சொன்னாங்கன்னு யாரு கண்டா?

ஞாயித்துக்கிழமை காலையில செட்டியாரு வந்துட்டாரு. ஆமா, வந்துட்டாரு. எலுமிச்சம்பழமும் கையுமா. "பெரியவங்க மனசு கஷ்டப்படக்கூடாதுங்க"ன்னாரு. இருபத்தஞ்சுக்கும் ஒத்துக்கிட்டாரு. ரெட்டியாரு எழுந்து தோள்ல கையை வச்சு, "நமக்குள்ள என்ன செட்டியாரே"ன்னாரு. காப்பி குடிச்சாங்க. செட்டியாரு போகும்போது ரெட்டியாரு என்னைப் பாத்து விரலாலே காட்டினாரு, கிழிச்சிருன்னு.

நான் கிழிக்கலை. ஏன்னு கேட்டா காரணம் ஒண்ணும் இல்லை. போர்டு சீல் குத்தின காயிதம். சீல் குத்தினதைக் கிழிச்சு எனக்குப் பழக்கமில்லை. ஃபைல்ல போட்டுக்கலாம்னு பையிலயே வச்சிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு நான் ஆபீசுக்குப் போறேன், பாங்கு வாசல்ல முன்னூறு பேரு. பத்து மணிக்கு ஆயிரம். "பிரசிடெண்டு ஆபீஸ் ஆளுங்களே எடுத்துட்டாங்களாம்"ங்கறான் ஒருத்தன். "போர்டு பணம் முழுக்க ராத்திரியோட ராத்திரியா வெளிய போயிடுச்சாம்"ங்கறான் இன்னொருத்தன். போர்டு பணம் ஒரு தம்பிடி நகரலை அப்ப. லெட்டர் என் பையில இருக்கு. அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?

ரெட்டியாருக்குச் சேதி போச்சு. "நான் போறேன், வா"ன்னாரு. அதே காரு. ஹாலுக்குள்ள நுழையறதுக்கே பத்து நிமிஷம் ஆச்சு. நாற்காலியைக் கொண்டாரச் சொன்னாரு. உக்காந்தாரு. "காப்பி கொண்டாங்கப்பா"ன்னாரு. ஜனங்க பாத்தாங்க. பாத்துட்டு அப்படியே நின்னாங்க. பால்காரம்மா முன்வரிசையில நின்னுச்சு. அது கேட்டுச்சு, "சாமி, உங்க ஆபீசுல வேலை பாக்கறவங்க பணம் இங்க இருக்கா?"

"எல்லாம் இருக்கும்மா"ன்னாரு ரெட்டியாரு. "இல்லாம என்ன?"

"அப்ப ஒரு ஆளை முன்னாடி வந்து சொல்லச் சொல்லுங்க."

ரெட்டியாரு திரும்பி என்னைப் பாத்தாரு. நான் அவருக்கு வலப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். கவுண்டர் கம்பிக்குப் பின்னாடி அத்தான் இருந்தாரு. அவரும் பாத்தாரு. நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். ரொம்பப் புழுக்கம் அங்கே. அவ்வளவுதான் நான் செஞ்சது. ரெட்டியாரு கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு, காப்பியை அப்படியே வச்சுட்டு எழுந்துட்டாரு.

காருக்குள்ள என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. நானும் சொல்லலை. நான் சொன்னேன்ல, மரியாதையான மனுஷரு.

அன்னைக்குப் பூரா பாங்கு குடுத்துக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் செவ்வாய்க்கிழமையும் குடுத்துச்சு. செட்டியாரு பொண்டாட்டி நகையைக்கூட எங்கேயோ அனுப்பிப் பணம் கொண்டுவந்தாருன்னு பேச்சு. அந்த வாரம் தாண்டினா நின்னிருக்கும்னு இப்பவும் சொல்றவங்க இருக்காங்க. எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெட்டியாரு கூப்பிட்டாரு. "அந்த லெட்டரைக் கிழிச்சிட்டியா?"

"இல்லீங்க."

"இருக்கா?"

"பையிலதாங்க இருக்கு."

"நல்ல வேலை செஞ்சேப்பா"ன்னாரு. என்னை அவரு வாய் விட்டுப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

"புதுசா ஒண்ணு அடிச்சுக் கொண்டாரட்டுங்களா, இன்னைக்குத் தேதி போட்டு?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம். வெள்ளிக்கிழமைத் தேதியே இருக்கட்டும். கூட்டம் சேர்றதுக்கு முந்தியே போர்டு கேட்டுருச்சுன்னு ஆகும். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது. இது ஜனங்க பணம் பக்கிரிசாமி, என் பணம் இல்லை. இதை நான் காப்பாத்தியாகணும்."

அதுல நியாயம் இருக்கா இல்லையா? வாத்தியார் சம்பளம் அதுல இருக்கு. ஆஸ்பத்திரி மருந்து இருக்கு. போர்டு பணம் ஒரு பைசா போகலை. ரெக்கார்டுல பாக்கலாம்.

நான் பாங்குக்குப் பின்பக்கமாப் போனேன். முன்பக்கம் போக முடியாது. அத்தானைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாரு. ரெண்டு நாளா சாப்பிடலை போல. விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு, நோட்டு எண்ணி எண்ணி. லெட்டரைக் குடுத்தேன். அத்தான் எதையும் மேல இருந்து கீழே படிக்கற மனுஷன். முதல்ல தேதியைப் படிச்சாரு.

"வெள்ளிக்கிழமை அடிச்சதா?"

"ஆமா அத்தான்."

"நீதானே அடிச்சே?"

"ஆமா அத்தான்."

மூணு வரிதான். அதை ரொம்ப நேரம் படிச்சாரு. அப்புறம், "சனிக்கிழமை செண்பகம் வந்துச்சு"ன்னாரு.

"ஆமா அத்தான்."

உள்ளே முன்பக்கத்துல இருந்து சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கம்பியைப் பிடிச்சு ஆட்டறாங்க. அத்தான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாரு. "உங்க அக்கா நேத்து வரேன்னுச்சு. மங்களத்துக் கல்யாணப் பணத்தை மட்டுமாவது எடுத்துடலாம்னுச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன். கேஷியர் வீட்டுலயே எடுத்தா மத்தவன் எப்படி நிப்பான்னு கேட்டேன்."

அப்பவாவது எடுத்துடுங்க அத்தான்னு சொல்லியிருக்கலாம்னு செண்பகம் பின்னாடி சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்? நான் டியூட்டியில இருந்தேன்.

அத்தான் லெட்டர்ல வரவு முத்திரை குத்தினாரு. செவ்வாய்க்கிழமைன்னு விழுந்துச்சு. உள்ளே போயி செட்டியாருகிட்ட காட்டிட்டு வந்தாரு. இரும்புப்பெட்டியில மிச்சம் இருந்ததும், மெட்ராசுல இருந்த இருப்புக்கு ஒரு டிராஃப்டும் குடுத்தாரு. "சரியா இருக்கான்னு பாத்துக்கோ"ன்னாரு. பாத்தேன். சரியா இருந்துச்சு. அவரு கிட்ட எப்பவும் சரியாத்தான் இருக்கும். போர்டு காருல வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

புதன்கிழமை பாங்கு திறக்கலை.

அப்புறம் என்ன, எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். கோர்ட்டு, இருக்கறதை வித்துப் பிரிச்சுக் குடுக்க ஒரு லிக்விடேட்டர். ரூபாய்க்கு மூணணா வந்துச்சு, அதுவும் ஆறு வருஷத்துல. செட்டியாரு வீடு ஏலத்துல போச்சு. ரெட்டியாரு எலெக்‌ஷன்ல தோத்துட்டாரு. ஆனா எழுந்துட்டாரு. சுதந்திரம் வந்தப்புறம் அவரும் கதர் கட்டிக்கிட்டு ரெண்டு தடவை ஜெயிச்சாரு. என்னைக் கடைசி வரைக்கும் கைவிடலை. ஹெட் கிளார்க்கா ரிட்டயர் ஆனேன்.

அத்தான் வீட்டு மேல கல்லு விழுந்துச்சு. கேஷியர்தானே கண்ணுக்குத் தெரியறவன். அந்த வாரம் பூரா அவரு வாசலுக்கு வந்து நின்னு, வர்றவங்க வையறதைக் கேட்டுக்கிட்டிருந்தாராம். உள்ளே வாங்கன்னு அக்கா கூப்பிட்டா, "அவங்க வேற யார்கிட்ட போய்க் கேப்பாங்க?"ன்னாராம். மங்களத்துக்குப் பங்குனியில நாள் குறிச்சிருந்தது நின்னு போச்சு. மாப்பிள்ளை வீட்டுல மறுவாரமே தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இரண்டாந்தாரமா மாயவரத்துல குடுத்தாங்க. அத்தான் ஒரு ரைஸ்மில்லுல கணக்குப்பிள்ளையா இருந்தாரு. நாப்பத்திநாலுல போயிட்டாரு. நெஞ்சு வலி.

முப்பதா கூப்பிடறாங்க? முப்பத்தொண்ணு. இருக்கு, இருக்கு.

ஒண்ணு விட்டுட்டேன். பாங்கு மூடின அன்னைக்குச் சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். போகாம இருக்க முடியாதுல்ல? அக்கா என்னைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. "உன் பணமும் போச்சேடா, இந்த நேரத்துல"ன்னு அழுதுச்சு. அந்த நேரத்துல இல்லைன்னு எப்படிச் சொல்றது? "ஆமாக்கா, போச்சு"ன்னேன். அத்தான் உள்ளே கட்டில்ல படுத்திருந்தாரு. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு.

அப்படியே விட்டுட்டேன். அத்தானும் சொல்லலை. நான்தான் சொன்னேனே, யாரு போட்டா, யாரு எடுத்தான்னு அவரு வீட்டுல பேசமாட்டாருன்னு. அக்கா இப்பவும் இருக்கு, மங்களத்து வீட்டுல. எழுபது தாண்டிருச்சு. அதுக்கு இன்னும் தெரியாது.

அந்த வருஷம் சித்திரை மாசம். செண்பகத்துக்கு மாசம் ஆயிடுச்சு. அக்காவும் அத்தானும் வந்தாங்க. வெயில்ல நடந்தே வந்திருக்காங்க. அக்கா கையில வழக்கமா ரெண்டு தங்கக் காப்பு இருக்கும், எங்க அம்மாவோடது. மங்களத்துக்குன்னு வச்சிருந்தது. பாங்கு போனப்பகூட அதை விக்கலை. அன்னைக்கு அதுல ஒண்ணைக் கழட்டி என் முன்னாடி நீட்டுச்சு.

"பிரசவச் செலவுக்கு வச்சுக்கோடா. நீயும்தானே எல்லாத்தையும் தோத்துட்டு நிக்கறே. எங்களுக்கு ஒண்ணு போதும்."

செண்பகம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, உள்ளே போயிட்டா. எங்க அலமாரியில அந்தப் புது நோட்டு அறுநூத்தி நாப்பதும் அப்படியே இருக்கு. துணி மடிப்புக்குள்ள. நான் அத்தானைப் பாத்தேன். வேண்டாம்னு அவரு ஒரு வார்த்தை சொன்னாருன்னா எல்லாருக்கும் சுலபமாப் போயிருக்கும். அவருக்குத் தெரியாதா? அவரு கையாலதானே எண்ணிக் குடுத்தாரு.

அத்தான் குனிஞ்சு செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தாரு. நிமிரலை.

"வாங்கிக்கோ பக்கிரி"ன்னாரு. "உங்க அக்கா ஆசையாக் குடுக்கறா."

ரெண்டு கையையும் நீட்டித்தான் தம்பி வாங்கினேன்.